பால் குடித்த துவக்கு

ஆயுதப் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி கேட்டிருக்கிறார். பழைய ரைபிள் ஒன்று எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதை அதன் முத்திரைகளைக் கொண்டு அறிவது எப்படி என்பதுதான் அவர் தந்த தலைப்பு. அரச முடியின் வடிவம் என்ன, அதன் கீழே எந்த அரசரின் முதலெழுத்து, எந்தத் தொழிற்சாலைக்கு எந்தச் சின்னம் என்பதற்கெல்லாம் உங்களிடம் அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றில் பாதி நான் தயாரித்தவை. அவற்றை இங்கே திரும்ப எழுதினால் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள். எழுதி முடிப்பதற்குள் எனக்கும் நித்திரை வந்துவிடும்.

ஆகவே ஒரு துப்பாக்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெற்று என் சொந்த ஊரான புளியங்கூடலுக்குத் திரும்பி வந்து, இனிமேல் எண்ணெய் மணக்கும் இரும்பு எதையும் தொடுவதில்லை என்று தீர்மானித்திருந்த காலத்தில் வந்த வழக்கு அது. சேவையில் இருந்தபோது என் அறிக்கைகளுக்கு யாரும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லவேண்டும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. அந்த ஒரு வழக்கிலோ நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். அவர்களில் ஒருவர், தன்னுடைய வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன, பெயர் தெரியாத ஓர் இராணுவ ஆயுதத் திருத்துநர்.

அனலைதீவில் ஒரு கோயில். எந்தக் கோயில் என்று எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். கும்பாபிஷேகத்துக்காக வாகனங்களுக்குப் புதிதாக வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். சுவாமி வேட்டைத் திருவிழாவுக்கு ஏறிப்போகும் மரக்குதிரையின் வயிற்றுப் பலகை ஒன்று கழன்றது. உள்ளே கோறை, வெறும் பொந்து. அதற்குள் பட்டுத்துணி சுற்றிய ரைபிள் ஒன்று இருந்தது. கோயில் குருக்கள் நயினாதீவைச் சேர்ந்தவர், ஒழுங்கு தவறாதவர். உடனே பொலிசுக்கு அறிவித்தார். அது சரியான செயல்தான். வாகனசாலையின் பூட்டுத் திறப்பு எப்போதும் தோட்டம் செய்து வாழும் சிவபாதம் என்பவரிடம் இருந்தது. வேட்டைத் திருவிழா அவருடைய குடும்பத்தின் பரம்பரை உபயம். பொலிஸ் சிவபாதத்தைக் கூட்டிக்கொண்டு போனது.

அவர் கொடுத்த வாக்குமூலம் சுருக்கமானது. "இது என்ரை அப்பப்பா வேண்டிச் சுவாமிக்குக் குடுத்த துவக்கு. அண்டைக்கு வேண்டினபடியேதான் இருக்கு. ஒரு ஆணிகூட மாத்தேல்லை."

வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கிய குடும்பத் துப்பாக்கி என்றால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்த குற்றம் மட்டும்தான். தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பின்னால் நாட்டுக்குள் நடந்த போர்க்காலத்தில் வந்த இராணுவ ஆயுதம் என்றால் அது வேறு சட்டம். அந்தச் சட்டத்தில் பிணை இல்லை. உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாரும் சொல்லமுடியாது.

முதல் அறிக்கை வந்தது. ரைபிளின் குழலில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆண்டு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது, பக்கத்தில் இராணுவப் பரிசோதனை முத்திரைகள் இருக்கின்றன, துப்பாக்கி சுடக்கூடிய நிலையில் இருக்கிறது என்று அதில் கண்டிருந்தது. சிவபாதத்தின் பாட்டனார் அந்தப் போர் தொடங்க முன்னரே இறந்துவிட்டார். இறந்தவர் துப்பாக்கி வாங்கமாட்டார் என்பதை அறிய என்னைப் போன்ற நிபுணர் தேவையில்லை. சிவபாதம் பொய் சொல்கிறார், துப்பாக்கி உள்நாட்டுப் போரில் வந்தது என்று பொலிஸ் முடிவுகட்டியது. அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

அந்த அறிக்கையை எழுதியவர் சேவைக்கு வந்து அதிக காலம் ஆகாத ஓர் அதிகாரி, பதுளைப் பக்கத்துப் பெண். உங்களிடம் இந்தக் கட்டுரையைத் தந்தவரும் அவர்தான். தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

சிவபாதத்தின் தமக்கை மங்களம் ஒருநாள் காலைப் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள்தானே துவக்குகளுக்குச் சாதகம் பாக்கிறவர்?"

"சாதகம் இல்லை. பரிசோதனை."

"ரண்டிலையும் பிறந்த நேரம்தானே பாக்கிறது. தம்பியை வெளியிலை எடுத்துத் தாங்கோ."

"நான் ஓய்வு பெற்றிட்டன்."

"அது தெரியும். அதாலைதான் உங்களுக்கு நேரம் இருக்குமெண்டு வந்தனான்."

அவரோடு வந்திருந்த இளம் சட்டத்தரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கோவையை நீட்டினார். நான் அறிக்கையை வாசித்தேன். பிழை ஒன்றும் தெரியவில்லை. எழுத்தும் நேர்த்தியாக இருந்தது. என்னை உறுத்தியது, அதில் சொல்லப்பட்டிருந்ததெல்லாம் குழலைப் பற்றி மட்டுமே இருந்ததுதான். கூட்டாகப் பரிசோதிக்க அனுமதி கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொன்னேன். நீதவான் அனுமதித்தார்.

நீதிமன்றத்தின் சான்றுப்பொருள் அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு காவலர். பதுளை அதிகாரி முன்னரே வந்திருந்தார். தன்னுடைய அறிக்கையைச் சந்தேகிக்க வந்த கிழவனுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவருடைய வயதில் நானாக இருந்தால் கதவைப் பூட்டியிருப்பேன்.

மரப்பகுதிகளைக் கழற்றினோம். நான் விளக்கைப் பிடித்தேன், அவர் பார்த்தார். கண்ணாடி மாற்றவேண்டிய காலம் எனக்கு எப்போதோ வந்துவிட்டது, அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"சேர், ஒடம்புல முடி இல்ல. அரசர் எழுத்தும் இல்ல. ஆண்டும் இல்ல. கம்பனியோட சின்னம் மட்டுந்தான்."

உடல் என்று அவர் சொன்னது, குழல் திருகப்படும் பகுதியை. எங்கள் தொழிலில் அதுதான் துப்பாக்கி. மற்றவை அதில் வந்து சேரும் உறவினர்கள். இராணுவத்துக்குச் செய்த உடலில் முடி, எழுத்து, ஆண்டு மூன்றும் வரிசையாக இருக்கும். பொதுமக்களுக்கு விற்பதற்குச் செய்ததில் அவை இருக்காது.

"அராவி அழிச்சிருக்கலாமே?" என்றேன்.

"அழிச்ச மாதிரி தெரியல சேர். அழிச்சிருந்தா குழி விழுந்திருக்கணும். இது சமமா இருக்கு. கறுப்புப் பூச்சும் ஒரே சீரா இருக்கு." பிறகு விளக்கைக் குழல் பக்கம் திருப்பச் சொன்னார். "நம்பரும் வேற. ஒடம்புல ஒன்னு, பேரல்ல ஒன்னு."

"முதல் தடவை பாக்கேல்லையோ?"

"பார்த்தேன் சேர். பொலிஸ் ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. சுடுமா, எந்த வருஷம்னு. வருஷம் பேரல்லதான் இருந்திச்சு. எழுதிட்டேன்."

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவது எங்கள் விதிகளில் இருக்கிறது. எந்தப் பந்தி என்றுகூடச் சொல்வேன். ஆனால் கேட்பவருக்குத் துப்பாக்கி என்பது ஒரே பொருள். அவர் "இது எந்த ஆண்டு" என்று கேட்கும்போது "இது" என்றால் எது என்று முதலில் நாங்கள்தான் திருப்பிக் கேட்கவேண்டும். ஒரு ரைபிள் தன் வாழ்நாளில் குழலை மாற்றும், குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்ப்பாளை மாற்றும், மரத்தை மாற்றும். முத்திரை எந்தப் பாகத்தில் இருக்கிறதோ அந்தப் பாகத்தின் பிறப்பைத்தான் அது சொல்லும்.

அதிகாரி விளக்கை என் கையிலிருந்து வாங்கி உடலின் உட்புறத்துக்குள் பாய்ச்சினார். பின் என்னைக் கிட்ட வரச் சொன்னார்.

"இங்க பாருங்க சேர். துரு இது வரைக்கும் வந்து நின்னுருது."

உடலின் உட்புறம் முழுவதும் பழைய துரு தின்ற குழிகள், அம்மைத் தழும்புபோல. குழல் தொடங்கும் கோட்டில் அந்தக் குழிகள் கத்தியால் வெட்டியதுபோல நின்றன. அதற்கு அப்பால் குழலின் உட்புறம் கண்ணாடிபோல இருந்தது. ஒரே வீட்டில் இருந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் அம்மை வந்திருந்தது. அப்படியென்றால் அம்மை வந்த காலத்தில் மற்றவர் அந்த வீட்டில் இல்லை.

உடல் பொதுமக்களுக்கு விற்றது, பழையது. குழல் இராணுவத்துடையது, பிந்தியது. இதைக் கண்டதும் நாங்கள் மகிழ்ந்தோம் என்று நினைப்பீர்கள். இல்லை. "ஒரு ஆணிகூட மாத்தேல்லை" என்று சிவபாதம் கையெழுத்து வைத்துச் சொல்லியிருந்தார். அது பொய் என்பதற்கு இப்போது எங்கள் கையிலேயே சான்று இருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிடைத்த பாகங்களைப் பொருத்தி யாரோ செய்த துப்பாக்கி என்று அரச தரப்பு சொல்லும். நான் அரச தரப்பில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சட்டத்தரணி சிறைக்குப் போய்ச் சிவபாதத்திடம் கேட்டார். "குழலை மாத்தினதோ?" அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டும் மாத்தேல்லை" என்றாராம்.

நான் அனலைதீவுக்குப் போனேன். கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்தது. பெரிய நெறிமுறைகள் எல்லாம் தெரிந்த ஒருவர் படகில் வாந்தி எடுப்பதை அன்று பலர் பார்த்தார்கள். மங்களம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் முதலில் தேசிக்காய்த் தண்ணீர் தந்தார்.

"துவக்கின்ரை குழல் மாத்தியிருக்கு" என்றேன்.

கத்தி நின்றது. "ஆர் சொன்னது?"

"துவக்குத்தான் சொன்னது. உம்முடைய தம்பி இல்லையெண்டு நிக்கிறார். இப்படியே நிண்டால் அவர் வெளியிலை வரமாட்டார்."

"அவன் சொல்லமாட்டான் அண்ணை."

"ஏன்?"

"ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிக்கும் எண்டதுக்கு ஒருத்தர் மறியலுக்குள்ளை இருக்கிறதோ?"

"உங்களுக்கு எங்கடை ஊர்ச் சிரிப்புத் தெரியாது." அவர் மீனை மூடிவைத்துவிட்டுக் கை கழுவினார். "பேரப்பிள்ளையள் காலத்திலையும் பட்டம் வைச்சுக் கூப்பிடுவினம்."

பிறகு சொன்னார். சொல்லத் தொடங்கியபின் நிறுத்தவில்லை.

அவருடைய பாட்டனார் ரைபிளை வாங்கிவந்து சுவாமிக்குக் கொடுத்தார். வேட்டைத் திருவிழா அன்று சுவாமி குதிரையில் புறப்படும்போது அது முன்னால் போகும். வெளி வீதியில் வானத்தை நோக்கி ஒரு வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் மண்டபத்தில் துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி அதற்கு அபிஷேகம் நடக்கும்.

"அபிஷேகமோ?"

"பால், தயிர், இளநீர், மஞ்சள் தண்ணி, சந்தனம். எல்லாம். வேலுக்குச் செய்யிறம், சூலத்துக்குச் செய்யிறம், சுவாமியின்ரை துவக்குக்கு மட்டும் ஏன் செய்யக்கூடாது எண்டு அப்பப்பா கேட்டவராம்."

"குழலுக்குள்ளாலையோ ஊத்தினவை?"

"நிமித்தி வைச்சால் வாய் மேலைதானே அண்ணை? மேலையிருந்துதானே ஊத்திறது?"

"ஊத்தின பிறகு துடைக்கிறேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் எந்த ஊரில் பிறந்தேன் என்ற கேள்வி இருந்தது. "பிரசாதத்தை ஆரும் துணியாலை துடைப்பினமோ?"

எங்கள் பாடநூல்கள் ஒன்றிலும் இந்தக் காரணம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பால் ஊற்றினார்கள், ஒவ்வொரு ஆண்டும் துடைக்காமல் பட்டில் சுற்றிவைத்தார்கள். ஒரு திருவிழாவில் பாட்டனார் விசையை இழுத்தார்.

"புஸ் எண்டதாம்" என்றார் மங்களம். "கூடிநிண்ட சனம் முழுக்கக் கேட்டது. சுவாமியின்ரை துவக்கு புஸ் எண்டது. அப்பப்பா அந்த வருசமே படுத்தவர், எழும்பேல்லை."

பாட்டனாருக்குப் பிறகு உபயம் மகனுக்கு, அதாவது மங்களத்தின் தந்தைக்கு வந்தது. உலகப் போர் வந்தது. துறைமுகப் பக்கம் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். அவர்களில் ஆயுதம் திருத்தும் ஒருவனைத் தந்தை பிடித்தார். ஒரு கூடை கருவாடும் பனங்கள்ளும் கைமாறின. ரைபிளுக்குப் புதுக் குழல் வந்தது. அடுத்த வேட்டைத் திருவிழாவில் வெடி ஊரை உலுக்கியது. சுவாமி கோபம் தீர்ந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டனார் சுவாமியின் ஆயுதத்தைப் பாழாக்கினார் என்பதையும், தந்தை அரசாங்கத்தின் குழலைக் கருவாட்டுக்கு வாங்கினார் என்பதையும் வெளியில் சொல்வதில்லை என்று குடும்பத்துக்குள் சத்தியம். பின்னர் நாட்டில் சண்டை வந்து, துவக்கு வைத்திருந்த வீடுகளில் எல்லாத் தரப்பும் தேடத் தொடங்கியபோது தந்தை அதைக் குதிரைக்குள் வைத்துப் பலகை அடித்தார்.

"அதுக்குப் பிறகும் ஒவ்வொரு வேட்டைக்கும் சுவாமி துவக்கோடைதான் போனவர்" என்றார் மங்களம். "குதிரையின்ரை வயித்துக்கை இருந்தது. எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்."

திரும்பும் படகில் எனக்கு வாந்தி வரவில்லை. யோசிக்க நிறைய இருந்தது.

கதை அழகாக இருந்தது. அதுதான் சிக்கல். அழகான கதைகளை நீதிமன்றங்கள் நம்புவதில்லை, நம்பவும் கூடாது. அதுவும் குற்றம் சாட்டப்பட்டவரின் தமக்கை சொன்ன கதை. ஆனால் அது உண்மையென்றால் ஓர் இடத்தில் தடயம் இருக்கவேண்டும். குழல் உடலுக்குள் திருகப்படும் புரிகள். மேலிருந்து ஊற்றிய மஞ்சளும் சந்தனமும் அங்கே இறங்கி இறுகியிருக்கும். பழைய குழலைக் கழற்றியவன் புரிகளை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுப் புதிய குழலைப் பூட்டியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கள்ளுப் போத்தல் பக்கத்தில் இருக்கும்போது அவன் எவ்வளவு கவனமாக வேலை செய்திருப்பான்? பார்ப்பதற்கு ஒரே வழி, குழலைக் கழற்றுவது.

சட்டத்தரணிக்கு இது பிடிக்கவில்லை. நீதிமன்ற வாசலில் வைத்துச் சொன்னார். "சேர், இப்ப உடலுக்கும் குழலுக்கும் நம்பர் வேறை எண்டு காட்டினாலே ஒரு சந்தேகம் வரும். அதைப் பிடிச்சுக் கொண்டு நான் வாதாடுவன். கழட்டிப் பாத்து உள்ளுக்கை ஒண்டும் இல்லையெண்டால்?"

"இல்லையெண்டால் இல்லை."

"அது உங்களுக்கு. மறியலுக்குள்ளை இருக்கிறது சிவபாதம்."

அவர் சொன்னது சரி. இதை நீங்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். பரிசோதகருக்கு எந்த முடிவும் முடிவுதான். மாலையில் தேத்தண்ணி குடிக்கலாம். முடிவைச் சுமப்பவர் வேறொருவர். கழற்றினால் திரும்ப அதே நிலைக்குக் கொண்டுவர முடியாது. கழற்றாமல் விட்டால் குற்றச்சாட்டு முடிவில்லாமல் இழுபடும். எனக்குத் தெரிந்த விதிகளில் எதுவும் அந்த வாசலில் உதவிக்கு வரவில்லை. உள்ளே வாங்கில் இருந்த மங்களத்திடம் போய் நிலைமையைச் சொன்னேன். ஒன்றும் இல்லாமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. "அப்பப்பா ஊத்தினவர் அண்ணை. அதிலை எனக்குச் சந்தேகம் இல்லை. கழட்டுங்கோ."

அன்று நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அரச சட்டத்தரணி கெட்டிக்காரர், மரியாதையானவர்.

"இந்த ரைபிள் எந்த ஆண்டில் செய்யப்பட்டது?"

"குழல் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்யப்பட்டது. உடல் அதற்கு முந்தியது."

"உடல் எந்த ஆண்டு?"

"உடலில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. அந்த அமைப்பைப் பார்த்தால் முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்."

"நீங்கள் நீண்ட அனுபவம் உள்ளவர். ஓர் ஆண்டைச் சொல்லமுடியாதா?"

சொல்லியிருக்கலாம். பாட்டனார் உயிரோடு இருந்த காலத்துக்குள் விழும் ஓர் ஆண்டைச் சொன்னால் அந்த அறையில் யாராலும் மறுக்கமுடியாது. முன்வரிசையில் மங்களம் கைகளை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றேன்.

"நிபுணருக்கே தெரியாதா?"

நீதவான் பேனாவிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சாட்சி தனக்குத் தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறார். அதையும் அப்பிடியே பதிவு செய்யுங்கோ. தெரிஞ்சதை அவர் சொல்லேக்கை எங்களுக்கு அது உதவும்."

அந்த வாக்கியத்துக்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். அதற்குப் பிறகு பாலையும் தயிரையும் பற்றி நான் சொன்னபோது மன்றம் அதைக் கேட்டது. பின் வரிசைகளில் மட்டும் சிரிப்பு எழுந்தது. குற்றவாளிக் கூண்டில் சிவபாதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, அதை ஏனக்கா சொன்னனீங்கள்?" என்றார், நீதவானுக்கும் கேட்கும்படி.

"நீ சொல்லாததாலை" என்றார் மங்களம், இருந்த இடத்திலிருந்தே.

அரச சட்டத்தரணி, இது பாகங்களைச் சேர்த்து உள்நாட்டுப் போர்க்காலத்தில் யாரோ பொருத்தியதாக இருக்கலாம் என்றார். எங்கள் சட்டத்தரணி எழுந்து, "கனம் நீதவான் அவர்களே, துவக்குக்குப் பால் வார்த்த ஆயுத இயக்கம் எதையும் நான் கேள்விப்படேல்லை" என்றார். நீதவான் அவரை இருக்கச் சொன்னார். குழலைக் கழற்றிப் பரிசோதிக்க உத்தரவிட்டார்.

ஆய்வுகூடத்தில் பதுளை அதிகாரி கழற்றினார். இரு தரப்பும் இருக்கவேண்டும் என்பதால் எங்கள் சட்டத்தரணி போயிருந்தார். நான் புளியங்கூடலில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போகலாம் என்று வீட்டில் சொன்னார்கள். போகவில்லை.

தொலைபேசி அடித்தது.

"சேர், மஞ்சளா இருக்கு."

"எது?"

"புரிக்குள்ள சேர். ஒடம்போட புரி அடியில இறுகிப்போய் இருக்கு. மேல புதுப் பேரலோட புரி நசுக்கிய தடம் இருக்கு. கொஞ்சம் சுரண்டிச் சூடாக்கினேன். சந்தன வாசம் வந்திச்சு." அவர் மூச்சை இழுத்து மணப்பது கேட்டது. "லேப் முழுக்கக் கோயில் மாதிரி இருக்கு சேர்."

பெயர் தெரியாத அந்த இராணுவத் திருத்துநர் புரிகளைத் துடைக்காமலே குழலைப் பூட்டியிருந்தார். தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் சிவபாதம் மறியலில் இருந்திருப்பார். ஒழுங்கீனத்தை நான் வாழ்நாள் முழுவதும் திட்டி எழுதியவன். இந்த ஒரு தடவை கைகூப்பினேன்.

அடுத்த தவணையில் பதுளை அதிகாரி தானே கூண்டில் ஏறி மேலதிக அறிக்கையை வைத்தார். உடல் பொதுமக்கள் விற்பனைக்குச் செய்தது. நீண்ட காலம் அதற்குள் நீரும் பாலும் சந்தனமும் ஊற்றப்பட்டிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் இந்தக் குழல் பூட்டப்பட்டிருக்கிறது. குழலை எங்கே, எந்த ஆண்டில் பூட்டினார்கள் என்பது தெரியாது. இவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

"அப்படியென்றால் உங்கள் முதல் அறிக்கை பிழையா?" என்று அரச சட்டத்தரணி கேட்டார்.

"எழுதினது பிழையில்லீங்க. அந்த வருஷம் பேரலுக்கு மட்டுந்தான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

ஒரு பரிசோதகர் தன் அறிக்கையைத் தானே திருத்தப் பொது மன்றத்தில் ஏறி நிற்பதை நான் பலமுறை பார்த்ததில்லை. அதற்கு அட்டவணை எதுவும் உதவாது. இப்போது உங்களுக்குப் பயிற்சி தருபவர் அப்படி நின்றவர் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. அவரிடம் உங்கள் அறிக்கை திரும்பி வந்தால் கோபப்படவேண்டாம்.

அரச தரப்பு பெரிய குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருந்ததற்குச் சிவபாதம் தண்டம் கட்டினார். ரைபிளை நீதிமன்றம் அரசுடைமையாக்கியது. சிவபாதம் வெளியே வந்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட வெட்கம்தான் அதிகம். படகில் ஒருவர், "என்ன சிவபாதம், பால்தேத்தண்ணி குடிப்பமோ?" என்று கேட்டார். மங்களம் சொன்னது சரி. அவர்களுடைய ஊர்ச் சிரிப்பு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கரை போய்ச் சேரும்வரை சிரித்தார்கள். கடைசியில் சிவபாதமும் சிரித்தார்.

அடுத்த வேட்டைத் திருவிழாவுக்கு என்னையும் பதுளை அதிகாரியையும் அழைத்தார்கள். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, தாயையும் கூட்டிக்கொண்டு, இரவு பஸ்ஸில் வந்து, எங்கள் கடலையும் தாண்டி வந்தார். வாந்தி எடுக்கவில்லை.

வாகனம் செய்யும் ஆசாரி, பூவரச மரத்தில் ஒரு துவக்குச் செய்திருந்தார். மண்டபத்தில் அதை நிமிர்த்தி நிறுத்தினார்கள். குருக்கள் பால் ஊற்றினார், தயிர் ஊற்றினார், இளநீர், மஞ்சள் தண்ணீர், சந்தனம், ஒன்றும் குறைவில்லை. முடிந்ததும் தயங்கினார்.

"துடைக்கலாமோ?" என்று மங்களத்தைப் பார்த்துக் கேட்டார்.

"துடையுங்கோ ஐயா" என்றார் மங்களம். "ஒருக்காப் பட்டது போதும்."

சிவபாதம் புதுத் துண்டு ஒன்றால் அதை அடிமுதல் வாய்வரை துடைத்தார். சுவாமி குதிரை ஏறினார். வயிற்றுப் பலகைக்குப் புது வர்ணம் பூசியிருந்தார்கள். மரத் துவக்கு முன்னால் போனது. வெடிக்குப் பதிலாகச் சீனவெடி கொளுத்தினார்கள். சத்தம் போதுமானதாக இருந்தது.

வேட்டை முடிந்து திரும்பியபின் உபயகாரருக்கு மரியாதையாகத் தரும் காளாஞ்சித் தட்டைக் குருக்கள் சிவபாதத்திடம் கொடுத்தார். அவர் அதைக் கொண்டுவந்து பதுளை அதிகாரியின் கையில் கொடுத்தார். அதிகாரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாயைப் பார்த்தார். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கோ பிள்ளை" என்று சிவபாதம் மரத் துவக்கையும் நீட்டினார். "இதுக்கும் ஒரு சாதகம் சொல்லுங்கோ."

அதிகாரி காளாஞ்சியைத் தாயிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கினார். திருப்பினார். முத்திரை எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடவில்லை. குழல் வந்து உடலில் சேரும் இடத்தை விளக்குப் பக்கம் பிடித்து, பெருவிரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரே மரம் சேர்" என்றார். "இதுக்கு ஒரே வயசுதான்."